பெர்ரி வீட்டு மூலப்பத்திரம்

நேற்று இரவு ஒன்றரை மணிக்கு, 87-ஆம் ஏட்டுக்கு அடுத்தபடியாக 89-ஆம் ஏடு வந்தது. படம் எடுத்தவர் 88-இன் முறை வந்தபோது காப்பி குடிக்க எழுந்து போயிருக்க வேண்டும். கட்டுரையாளர் முன்னும் பின்னும் ஆறு தடவை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் அட்லாண்டிக் பெருங்கடலின் திசையை உத்தேசமாகப் பார்த்து, "அயோக்கியப் பயலே!" என்றார். உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "யாரு, மானுவேலா?"

அந்த அம்மாளுக்கும் இப்போது அங்கே எல்லாரையும் தெரியும்.

மகளைக் கொடுத்த இடம் அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்ட். சம்பந்தியின் குடும்பப் பெயர் பெர்ரி. மூன்று தலைமுறைக்கு முன் அது பெரேய்ரா. ரொட்ரிகஸ் அங்கே கரையிறங்கி ரோஜர்ஸ் ஆனது போல இதுவும் ஆனது. சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா, போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான பிகோவில் பிறந்து, திமிங்கில வேட்டைக் கப்பலேறி வந்தவர். பிகோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹொர்த்தா துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல்கள் நின்று ஆள் ஏற்றிப் போவது அந்தக் காலத்து வழக்கம். அவர் ஏன் ஊரைவிட்டு ஓடினார் என்பதுதான் இந்தக் கதையின் ருசியே. அதைக் கடைசியில் சொல்லலாம். கல்யாண விருந்தில் சம்பந்தி இந்தக் கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லிப் பெருமூச்சு விட்டபோது, கட்டுரையாளர் சும்மா பாயசம் சாப்பிட்டிருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் 31 ஆண்டு வில்லங்கம் பார்த்த தெனாவெட்டு விடவில்லை. "ரெண்டே நாள், சம்பந்தி. மூலப்பத்திரத்தோடு வர்றேன்" என்றார்.

அது போன வருஷம் தை மாதம்.

அவர் படம் படமாகப் புரட்டும் பிகோவின் பங்குப் பதிவேடுகளை ஆவணம் என்ற முறையில் குறை சொல்ல முடியாது. ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் ஒவ்வொரு பங்குச் சாமியாரும் ஏட்டில் எழுதியே ஆகவேண்டும் என்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. 1911-இல் போர்ச்சுகல் குடியரசு பதிவு வேலையைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளும் வரை சாமியார்கள் எழுதினார்கள். 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனை நிலநடுக்கம் குலுக்கியபோது அரசு ஆவணங்கள் இருந்த கோட்டைக் கோபுரமே சரிந்தது. எழுபதைத் தாண்டிய மானுவேல் த மாயா என்ற பொறியாளர்தான் காப்பாளர். கட்டுகளை இடிபாட்டிலிருந்து மீட்டுப் பத்திரப்படுத்தினார். அவரைப் போல ஒரு கிழவர் 88-ஆம் ஏட்டின் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா?

மாசிக்காயும் அன்னபேதியும் கலந்து காய்ச்சிய மை தாளை அரித்திருக்கிறது. மீதியைப் பூச்சி தின்றிருக்கிறது. அதெல்லாம் நம் ஊர்ப் பத்திரத்திலும் உண்டு, போகட்டும். மொழி? ஜன்னல், சாவி, அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியர் கொடுத்த சொற்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த மூலதனத்தோடு இறங்கினார். பதினான்கு மாதமாகியும் எந்தச் சாமியாரும் எந்தக் குழந்தையையும் அலமாரியில் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

பெயர்தான் ஆளைக் கொன்றது. இனிஷியல் போட்டுப் பிழைக்கும் நமக்குக் குடும்பப் பெயர்க்காரர்களைக் கண்டால் உள்ளூர ஒரு பொறாமை. பெரேய்ரா என்றால் பெரேய்ரா, நூல் பிடித்தாற்போல மேலே ஏறிவிடலாம் என்று தோன்றும். ஏறிப் பார்த்தால்தானே தெரிகிறது! ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு இருப்பது வெறும் மானுவேல். குடும்பப் பெயரை அவன் வளர்ந்தபிறகு வைத்துக்கொள்வான். அப்பாவுடையது, அம்மாவுடையது, தாத்தா பாட்டியுடையது என்று எது பிடிக்கிறதோ அது. அண்ணன் பெரேய்ரா, தம்பி சில்வா, கடைக்குட்டி மச்சாடு. மூவரும் ஒரே அடுப்பில் சமைத்ததைத் தின்றவர்கள்.

ஆண்களாவது பரவாயில்லை. பெண்களில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, பக்திப் பெயர்தான். மரியா த ஜெசுஸ். மரியா து ரொசாரியு. மரியா த கொன்சைசாவ்ங். மரியா தஸ் தோரஸ். மரியா துஸ் அன்ஜுஸ். இவற்றை முதன்முதலில் பார்த்தபோது கட்டுரையாளருக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பத்திரம் படிப்பது போலவே இருந்தது: ஜெபமாலை, அமலோற்பவம், வியாகுலமேரி, சம்மனசு. அந்த நெகிழ்ச்சி ஒரு வாரம் தாங்கியது. கல்யாணத்தன்று மரியா த ஜெசுஸாக இருந்தவள், மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் மரியா து ரொசாரியு. அடுத்த பிள்ளைக்கு மரியா ஜொசேஃபா. இது மூன்று தாரமா, ஒரே மரியாவா? அந்தந்தப் பண்டிகைக்குத் தகுந்தபடி சாமியார் மாற்றினாரா, அவளே மாற்றிச் சொன்னாளா? போதாக்குறைக்கு, பிள்ளை செத்தால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள். கட்டுரையாளர் ஒரு மானுவேலுக்கு இரண்டு மாதம் உழைத்து, கல்யாணம் வரை கொண்டுபோய்விட்டார். அவன் நாலு வயதில் அம்மை போட்டு இறந்துபோனவன். கட்டிக்கொண்டவன் அவன் தம்பி, இரண்டாம் மானுவேல். அந்தத் தம்பி கட்டியது ஒரு மரியாவை. அவளுடைய அம்மா மரியா. மாமியார் மரியா. ஞானத்தாய் மரியா. திரித்துவத்தை விளக்கிவிடலாம்; இந்த வீட்டை விளக்க முடியாது.

மாதத்தையாவது ஒழுங்காக எழுதக் கூடாதா? '7ப்ரோ' என்று கண்டு ஜூலை என்று நம்பி ஒன்பது நாள் ஜூலையைச் சல்லடை போட்டார். அது செப்டம்பராம். லத்தீனில் ஏழுக்கு அந்த ஒலி வருமாம். அப்படியே 8ப்ரோ அக்டோபர், 9ப்ரோ நவம்பர். ரொட்ரிகஸைச் சுருக்கி ரோயிஸ் ஆக்குவார்கள். தாள் மிச்சம், கண் போச்சு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சாமியார்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. அந்தக் காலத்தில் நான்காம் படி வரை உறவு இருந்தால் திருச்சபையின் விலக்கு வாங்காமல் கட்டிக்கொள்ள முடியாது. சின்னத் தீவில் உறவில்லாதவர் யார்? ஆகவே கல்யாணப் பதிவுகளில், மூன்றாம் படி, நான்காம் படி என்று இரத்த உறவு துல்லியமாக நிற்கிறது. மாமன் மகளைக் கட்ட யாரிடமும் அனுமதி கேட்காத பரம்பரையில் வந்தவருக்கு, நெருக்கமாகக் கட்டினால்தான் எழுத்தில் நிற்பாய் என்ற இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. 'தந்தை பெயர் தெரியவில்லை' என்ற வரிதான் பிடிக்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கும். அந்தத் தாயின் பெயர் மட்டும் அங்கே தனியாக நிற்கும், அதுவும் மரியா.

கொள்ளுத்தாத்தா ஓடியதற்கு வருவோம். முறைப்படி பாஸ்போர்ட் வாங்கிப் போனவர்களுக்கு வேறு பதிவேடு உண்டு. இரவோடு இரவாகக் கப்பலேறியவர்கள் அதில் எப்படி இருப்பார்கள்? ஆகவே முதலில் அவர் பிறந்த பதிவைப் பிடிக்கவேண்டும். அது 88-ஆம் ஏட்டில் இருக்கிறது, இருந்தே தீரவேண்டும்.

ஏனென்றால் 89-ஆம் ஏட்டின் தலையில் அதன் வால் மட்டும் தொங்குகிறது. நான்கு வரி. காலை ஐந்தரைக்கு, பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டி முடித்தார். ஞானப்பெற்றோர் இருவருக்கும் எழுதத் தெரியாததால் கையெழுத்து இடவில்லை என்று சாமியார் எழுதி, கீழே தன் பெயரை மட்டும் சுழித்திருந்தார். ஞானத்தந்தை மானுவேல். ஞானத்தாய் பெயர் கேட்டு மனைவி வாசலில் காப்பியோடு நின்றார். கட்டுரையாளர் சொல்லவில்லை.