சிங்கப்பூருல வேர்க்குதாம்!

அடேய் தம்பி, சிங்கப்பூருக்குப் படிக்கப் போயிருக்கியாமே. நல்லாருப்பா. போயி இறங்குன மூணாம் நாளே "வெயில் தாங்கல, வேர்த்துக் கொட்டுது"ன்னு ஒப்பாரி வெச்சியாமே, நெசமா? ஏண்டா, நீ என்ன ஊட்டியிலயா பொறந்தே?

அந்த ஊரு சரித்திரத்துலயே ஆகக் கூடுன வெயிலு 37 டிகிரிதான். 1983-ல ஒரு தடவ, 2023-ல ஒரு தடவ. நம்ம வேலூருக்காரனுக்கு சித்திரையில 37 டிகிரி வந்தா, இன்னைக்கு இதமா இருக்கேன்னு துண்ட உதறித் தோள்ல போடுவான். அப்பறம் எதுக்கு வேர்க்குது? பூமத்திய ரேகையிலேருந்து 137 கிலோமீட்டர்தான் தூரம், சுத்தி வர கடலு. காத்து முச்சூடும் தண்ணி. வேர்வ காய வழியில்லாம ஒடம்புலயே நிக்குது, அவ்வளவுதான். இதுக்குப் போயி செல்லுல மணிக்கொரு தரம் டிகிரி பாக்குறியே, பாத்தா கொறையுமா? கருப்பு ஜீன்ஸைக் கழட்டி எறிஞ்சுட்டு ஒரு பருத்திச் சட்டையப் போடு.

இதுல கூத்து என்னான்னா, வெளியில வேர்க்குதுங்குறவன் வகுப்புக்குள்ள போனா பல்லு கிட்டிச்சுப் போயி ஒக்காந்துருக்கான். ஏசிய அப்படித் திருகி விட்டுருக்காங்க. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டுப் பாடம் கேக்குற அதிசயத்த வேற எங்கயாச்சும் பாத்துருக்கியா? அந்த ஊர ஆண்ட லீ குவான் இயூ, பிரதமரானதும் மொதக் காரியமா அரசாங்க ஆபீசுகளுக்கு ஏசி மாட்டச் சொன்னவரு. ஏசி இல்லேன்னா காலையிலயும் சாயந்தரமும் மட்டுந்தான் வேல ஓடும்னு கணக்குப் போட்ட மனுசன். அவரு சொன்னது வேல பாக்க. நீ விடுதி அறையில 18-ல வெச்சு, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குறதுக்கு இல்ல. அப்படிக் கெடந்துட்டு வெளியில வந்தா வெயிலு அறையத்தான் செய்யும்.

கொடை எங்க? கொண்டு போகல. ஆறு சட்டை, மூணு செருப்பு, மூஞ்சிக்குப் பூச நாலு டப்பா, எல்லாம் ஏறிச்சு. ஆடி ஆவணியில அங்க சுமத்ரா பக்கமிருந்து ஒரு சூறக்காத்து மழ வரும். பொழுது விடியிறதுக்குள்ளயே வந்து அடிச்சு நொறுக்கிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி போயிடும். கூர போட்ட நடபாத ஊரெல்லாம் இருக்குதான். ஆனா அது முடியிற எடத்துல நின்னு வானத்தப் பாக்குறவன் யாருன்னு நெனைக்கிறே? புதுசா வந்த மாணவன்தான்.

ஊறுகா அஞ்சு பாட்டிலு, முருங்கக்கீரப் பொடி, குக்கர் வேற. எதுக்குடா இந்தச் சொமை? அங்க இருக்குற தேக்கா சந்தைக்குப் போ. முருங்கக்காயிலேருந்து வாழயெல வரைக்கும் கொட்டிக் கெடக்கு. கையில இருக்குற நாணயத்த உத்துப் பாரு, சிங்கப்பூர்னு தமிழ்ல பொறிச்சிருக்கும். சட்டப்படி தமிழும் அங்க ஆட்சி மொழி. அந்த ஊருல போயி எறங்கிட்டு, நம்மாளு ஒருத்தர்கிட்ட வழி கேக்க மூக்கால இங்கிலீசு பேசுனியாமே. அவரு தமிழ்ல பதில் சொன்னப்ப மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சே?

அடுத்தது காப்பி. கண்ணாடிக் கடையில நொரையில எலப் படம் போட்ட கோப்பைக்கு ஏழு வெள்ளி, அதான் அந்த ஊரு டாலரு, குடுத்துட்டு, நாடு ரொம்ப வெல ஜாஸ்திங்குறே. எதுத்தாப்புல கோப்பிக்கடை இருக்கே, கண்ணு தெரியலயா? அதுல கால்வாசிக் காசு ஆகாது. கோப்பின்னா டின் பாலு ஊத்துனது. கோப்பி ஓன்னா பாலில்லாம சக்கர மட்டும். கோசோங்னா சக்கரயும் கெடையாது. பெங்னா ஐஸ் போட்டது. நாலு வார்த்த. இதக் கத்துக்க ஆப்பு வேணுமா? முன்னாடி நிக்குற பெரியவரு கேக்குறதக் காது குடுத்துக் கேளு, போதும். கடைக்கார அம்மாவ வாய் நெறைய ஆன்ட்டின்னு கூப்பிடு. மொகம் கொஞ்சம் கடுகடுன்னுதான் இருக்கும். நூறு பேரு வரிசையில நிக்கும்போது ஒனக்கு மட்டும் சிரிச்சுக் காட்டணுமாக்கும்?

அப்பறம் மேச. சாப்பாட்டு அங்காடியில மேச மேல ஒரு டிஸ்யூ பாக்கெட்டு தனியா கெடந்தா, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்து மூக்கச் சிந்திப்புடாதே. அது நம்மூரு பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டு போடுறோம் பாரு, அந்தச் சாதி. எடம் புடிச்சாச்சுன்னு அர்த்தம். கோட்டு சூட்டு போட்ட பேங்கு மேனேஜரும் அதுக்கு அடங்கித்தான் வேற மேச தேடுவாரு. துண்டுக்குச் சண்ட போடுற நமக்குத்தான் இது அதிசயம்.

தின்னு முடிச்சா தட்ட நீயே எடுத்துக் கொண்டு போயி வெக்கணும். 2021-லேருந்து அது சட்டம். வீட்டுல தின்ன தட்ட நகத்தி வெக்காத ராசா, அங்க போயி ஒழுங்கா எடுத்து வெச்சுட்டு, "என்னா டிசிப்ளின்"னு படம் புடிச்சுப் போடுறே. ஒங்க அம்மா இருவது வருசமா இதத்தானே சொன்னா? அவ அபராதம் போடல, அதான் கொற.

ரயிலுக்குள்ள மிச்சரப் பிரிக்காதே. தின்னாலும் குடிச்சாலும் 500 வெள்ளி வரைக்கும் தீட்டுவான். டுரியான் பழம் கையில இருந்தாலே ஏறக் கூடாது. அத மோந்து பாத்தா ஏன்னு கேக்க மாட்டே. தண்ணி பாட்டிலு வெல குடுத்து வாங்காதே. கொழாயத் தொறந்து அப்படியே குடிக்கலாம்.

இன்னும் ஒண்ணு. அங்க ஏழு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பாக்கும். 1982-ல கடிகாரத்த அர மணி முன்னாடி நகத்தி வெச்சுட்டாங்க. அதனால நமக்கும் அவங்களுக்கும் இப்ப ரெண்டர மணி நேரம் வித்தியாசம். ஆறு மணிக்கே எந்திரிச்சுட்டேங்குற பெருமையில வீட்டுக்குப் போனு போடாதே தம்பி. இங்க அப்ப ராத்திரி மூணர.