ஆசைக்கா, ஆரோக்கியத்துக்கா?

கேள்வி: எடை குறைப்பு ஆபரேஷன் 'அழகுக்காக'வாம். இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

பதில்: பத்துப் படி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குபவருக்கு அழகா கவலை? இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதியே உங்கள் பக்கம். வயது 18 நிரம்பி, டாக்டர் பரிந்துரைத்து, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40-ஓ அதற்கு மேலோ இருந்தால் கேட்கலாம். 35 முதல் 40-க்குள் என்றால், கட்டுப்படாத சர்க்கரை, இதயநோய், தூக்கத்தில் கடும் மூச்சுத்தடை இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். டயட் போன்ற வழிகள் பலிக்காமலும் போயிருக்க வேண்டும். மஞ்சள் பையில் கசங்கிக் கிடக்கும் பழைய டாக்டர் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்ததா என்றும் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்திடம் முறையிடுங்கள். அங்கும் நடக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.