கோழியூரில் ஒரு கோழி

எங்கள் வீட்டு அவனுக்குள் நான்கு வருடமாக ஓர் அப்பளக் கட்டும், பழைய இட்லித் தட்டு இரண்டும், கல்யாண வீடுகளில் கிடைத்த எவர்சில்வர் டப்பா ஏழும் குடியிருந்தன. வாங்கிய வாரம் அதில் ஒரு கேக் செய்தோம். நடுவில் பள்ளம் விழுந்து வெளியே வந்தது. அன்றோடு அவன் அலமாரியாகிவிட்டான்.

எல்லாம் புரட்டாசியால் வந்த வினை. ஒரு மாதம் கத்தரிக்காயையே தின்றவன், ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, முழுக் கோழியை வெண்ணெயில் குளிப்பாட்டிச் சுட்டெடுக்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் புத்தி நிலைக்குமா? ஐப்பசி முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மாமனார் மாமியாரைக் கூப்பிட்டுவிட்டேன். "நானே சமைக்கிறேன்" என்று வேறு சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் மாவு அரைச்சு வச்சிடறேன், இட்லியாவது இருக்கட்டும்" என்றாள் மனைவி.

கூட்டத்தைத் தவிர்க்க சனிக்கிழமையே கறிக்கடைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே ஊர் முழுக்க அதே யோசனையோடு நின்றது. என் முறை வந்ததும், "ஒன்றரைக் கிலோ, தோலோட, வெட்டாம, முழுசா" என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "வேண்டுதலா சார்?"

ஒரு வகையில் அப்படித்தான்.

தோல் முறுமுறுவென்று வர வேண்டுமானால் அதில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈரம் இருக்கிறவரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் ஏறுவதோ 140-க்கு மேல்தான். ஆகவே உப்புத் தடவி, மூடாமல், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் காய விட்டேன். விடியற்காலை எழுந்து பார்த்தால் கோழி மஞ்சள் பூசிக் குளித்து, வடிதட்டில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தது. "கழுவாமலேயே வச்சிருந்தியேடா, மூணு தண்ணி விட்டு அலசிட்டேன்" என்றாள் அம்மா. என் பன்னிரண்டு மணி நேரத் தவம் சாக்கடையில் போனது. மகளின் ஹேர் டிரையரைக் கேட்டேன். தர மறுத்துவிட்டாள்.

இருந்த நல்ல துண்டு ஒன்றால் துடைத்துவிட்டு, 150 கிராம் வெண்ணெயில் பூண்டும் மிளகும் கொத்துமல்லியும் பிசைந்தேன். மார்புப் பக்கம் தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை நுழைத்தால், தலையணை உறைபோலப் பிரிந்து கொடுக்கிறது. அதற்குள் வெண்ணெயை அடைத்து, வெளியிலிருந்து நீவி நீவிப் பரப்ப வேண்டும். பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல ஒரு பதமான வேலை. மாமியார் மட்டும் அப்போது உள்ளே வராமல் இருந்திருக்கலாம். தட்டில் உருளைக்கிழங்கைப் பாதி பாதியாக நறுக்கிப் பரப்பி, அதன்மேல் கோழியைப் படுக்க வைத்தேன்.

அவனுக்கு 2000 வாட் வேண்டும். சமையலறையின் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. வீட்டில் காலியாக இருந்த ஒரே 16 ஆம்பியர் பிளக் பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். அங்கே ஸ்டூல் போட்டு ஏற்றினேன். வீடியோக்காரர் 375 என்றார். எங்கள் அவனின் திருகோ 250-க்கு மேல் நகர மறுத்தது. "அது ஃபாரன்ஹீட்டுங்க" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. கணக்குப் போட்டால் 190.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் அடுப்பில் ஒன்று இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கிண்ட வேண்டும், இல்லையென்றால் உப்பாவது பார்க்க வேண்டும். "தாளிக்கிற சத்தமே வரலையே, அவன் வேலை பாக்குறானா தூங்குறானா?" என்று கதவைத் திறந்தாள் அம்மா. திறந்தால் சூடு இறங்கும் என்றேன். சூடு இறங்கிவிட்டதா என்று பார்க்க மாமனார் திறந்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் பதினொரு தடவை. பாத்ரூமைவிட அந்தக் கதவுக்குத்தான் அன்று வேலை அதிகம்.

வெந்ததா என்பதற்குக் கண்ணை நம்பக் கூடாதாம். தொடையின் கனமான இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். வீட்டில் இருந்தது காய்ச்சல் தெர்மாமீட்டர். அது 42-ஓடு நின்றுவிடும். அதற்கு மேல் மனிதனுக்குத் தேவைப்படாது என்று செய்தவன் நினைத்திருக்கிறான்.

ஒருவழியாக வெளியே எடுத்தேன். இடது பக்கம் தங்கம். வலது பக்கம் ஈரத்தின் புண்ணியத்தில் மஞ்சள் காமாலை. தொடையைப் பிரித்தால் எலும்போரம் சிவப்பு. ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிற பிராய்லருக்கு எலும்பு முற்றியிருக்காது, உள்ளே இருக்கும் மஜ்ஜையின் நிறம் கசியும், நன்றாக வெந்த பிறகும் அப்படித் தெரியலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் உறையூருக்குக் கோழியூர் என்றும் ஒரு பெயர் உண்டு. சோழன் ஏறி வந்த பட்டத்து யானையையே ஒரு கோழி எதிர்த்து விரட்டிய மண் என்பார்கள். யானைக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

அம்மா ஒன்றும் பேசவில்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு போனாள். அரிவாள்மணைச் சத்தம் கேட்டது. அடுத்து இரும்புச் சட்டி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு. பின்கட்டிலிருந்து இத்தனை நேரம் வராத வாசம் பத்தே நிமிடத்தில் தெரு வரைக்கும் போனது. எல்லோரும் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள்.

உருளைக்கிழங்கு மட்டும் அந்தத் தட்டிலேயே இருந்தது. கோழிக் கொழுப்பும் வெண்ணெயும் சொட்டி ஊறி, விளிம்பு சிவந்து, உள்ளே மாவாக இருந்தது. மாமனார் ஒன்று எடுத்தார். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசித் துண்டால் அடியில் இருந்த நெய்யை வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவ எழுந்தபோது என் தோளைத் தட்டினார்.

"கிழங்கு பிரமாதம் மாப்பிள்ளை. அடுத்த தடவை கோழி போடாம செஞ்சிருங்க."