அரைக் குளியல்

ஏலே பேராண்டி, இங்க வா. தொட்டியில சொட்டுத் தண்ணி கிடையாது. உன் அலாரம் மட்டும் நிறைஞ்சிருச்சு, நிறைஞ்சிருச்சுன்னு கூவுது. நாளைக்கு வரப்போற தண்ணிக்கு இன்னைக்கே கத்துத அலாரம். சபாஷ்.

நேத்து ராத்திரி அந்த அலாரம் போர்டைக் குளிப்பாட்டுனியாமே, உங்க ஆச்சி சொன்னா. எதுல? கொரோனா நேரத்துல வாங்கி மிச்சம் கிடந்த சானிடைசர்லயா! கைத்தோல் காயாம இருக்க அதுல கிளிசரின் கலந்திருப்பான். போர்டுக்கும் தோல் காயக்கூடாதுன்னு நினைச்சே பாரு, அந்த மனசு யாருக்கு வரும். பசர் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வேற முதல்லயே உரிச்சுட்டே. கழுவி முடிச்சப்புறம் உரின்னு அதுலயே இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளைக்கு அதெல்லாம் கண்ணுல படுமா?

ஈயம் பத்தவைக்கையில மிஞ்சுத பிசின் அசிங்கமாத்தான் இருக்கு, ஒத்துக்கிடுதேன். ஒவ்வொரு பத்தைச் சுத்தியும் கருப்பட்டிப் பாகு உறைஞ்ச மாதிரி. ஆனா அதோட பூர்வீகம் தெரியுமா? நான் சின்னப்பயலா இருக்கையில தெருவுல ஈயம் பூசுதவர் வருவாரு. பித்தளைச் சட்டியைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, துணியால ஒரு தேய். குப்புன்னு வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். களிம்பு ஓடினப்புறம்தான் ஈயம் ஒட்டும். உன் ஈயக்கம்பி வயித்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரோசினுக்கும் அதே உத்தியோகம். பைன் மரத்துப் பிசின். வயலின் வில்லுல தேய்க்காங்களே, அதுதான். 60/40 கம்பி 183 டிகிரியில இளக ஆரம்பிக்கும். அதுக்கு முந்தியே இது உருகி ஓடி, செம்புமேல இருக்கிற களிம்பைத் தின்னுட்டு நிக்கும். ஆறிட்டா கண்ணாடியா இறுகி, தின்னதையெல்லாம் தனக்குள்ளயே பூட்டிக்கிடும். நான் பிரிச்ச பழைய ரேடியோவுல எல்லாம் பிசின் அப்படியே கிடக்கும், ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருக்கும்.

நீ என்ன செஞ்சே? பூட்டைத் திறந்து, உள்ள கிடந்ததை ஊரெல்லாம் இழுவிட்டே. இந்த வெள்ளைப் பூச்சு அதுதான். பழுப்பா நாலு இடத்துல கிடந்தது, சாம்பலா நாப்பது இடத்துல. இதுக்குப் பேசாம தூங்கியிருக்கலாம்.

குளிப்பாட்டினா முழுசாக் குளிப்பாட்டணும்லே. முதல்ல சால்டரிங் அயனை அணைச்சு ஆறவிடு. கழுவப்போற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரியிலயே தீப்பிடிக்கிற ஆவி விடும். நம்மூரு மார்கழியில கூட 12 டிகிரி எங்க? சன்னலைத் திற. 99 சதவீதத்துப் பாட்டில்ல இருந்து ஊத்தி, பழைய பிரஷ்ஷால தேய். இப்பதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க, காயட்டும்னு வச்சிருவாங்க. காயக்கூடாதுலே! ஈரத்தோட நூல் பிரியாத துணி ஒண்ணைப் போர்டு மேல விரிச்சு, துணி மேலயே பிரஷ்ஷால தட்டு. பழுப்புத் தண்ணி துணிக்கு ஏறி வரும். துணியை மாத்தி, புதுசா ஊத்தி, இன்னொரு தரம். துணி வெள்ளையா வந்தா நிறுத்து. பசர் ஓட்டைக்குள்ள, சுவிட்சுக்குள்ள விட்டுறாதே. கரைஞ்ச பிசின் அங்க போயி உறைஞ்சா அப்புறம் உன்பாடு.

அது என்னலே, அந்த டப்பா? ஹார்டுவேர் கடையில தகரம் பத்தவைக்கக் குடுத்த பேஸ்ட்டா? தூக்கிப் போடு. அதுல துத்தநாக உப்பும் நவச்சாரமும்தான் இருக்கும். சட்டிக்குச் சரி, தலைமுடி மாதிரிச் செம்புக் கோட்டை ஒரு மழைக்காலத்துக்குள்ள தின்னுரும். தண்ணியில கரையுத பிளக்ஸ்னு ஒண்ணு விக்கான், அதையும் அன்னைக்கே கழுவிரணும். கழுவவே வேண்டாம்னு விக்கிற ஜெல்லும் அப்படி ஒண்ணும் சாது இல்ல, அள்ளி அப்பினா சூடு படாத ஓரமெல்லாம் பிசுபிசுன்னு முழிச்சுக்கிட்டே இருக்கும்.

கழுவியாச்சா? அந்த லென்சை எடு. முதல் டிரான்சிஸ்டர் பேஸுல இருந்து கிரவுண்டுக்குப் போகுதே ஒரு ரெசிஸ்டர், அதோட கீழ்க்காலைப் பாரு. ஈயம் இருக்கா? இல்லல்லா. பிசின்தான் இத்தனை நேரம் பிடிச்சு வச்சிருந்துச்சு. அந்தக் கால் தொங்கினா பேஸ் அந்தரத்துல நிக்கும். நீ இழுவி வச்ச ஈரப்பிசின் கசியவிட்ட மின்சாரமே போதும், பசர் கூவும்.

எனக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? நேத்து ராத்திரியே பாத்துட்டேன். நீ பிரஷ்ஷும் கையுமா மும்முரமா நின்னே. நல்ல காரியம் செய்யுதவனைத் தடுப்பானேன்னு போயிப் படுத்துட்டேன்.