மஞ்சள் ஏன் முந்துகிறது?

கேள்வி: கீரைச் சாற்றைச் சிலிக்கா தகட்டில் பிரித்தால் கரோட்டினின் மஞ்சள் உச்சிக்கு ஏறுகிறது, பச்சை பின்தங்குகிறது. எடை குறைந்த மூலக்கூறு வேகமாக ஓடுகிறது என்பதுதானே காரணம்?

பதில்: கனத்தவர் பின்தங்குவது மலையேற்றத்தில். சிலிக்காவில் பின்தங்குவது ஒட்டிக்கொள்பவர். கரோட்டினின் மூலக்கூறு எடை 537, கீரையின் இன்னொரு மஞ்சள் நிறமியான லூட்டீனுடையது 569. இரண்டுமே பச்சையம் ஏ-யை விட (894) மிக லேசானவை. எடைதான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே முந்தியிருக்க வேண்டும். ஆனால் ஹெக்சேன், அசிட்டோன் கலவையில் கரோட்டின் உச்சிக்குப் போக, லூட்டீன் பச்சைகளுக்கும் கீழே நின்றுவிடுகிறது. லூட்டீனிடம் கூடுதலாக இருப்பவை இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். அவை சிலிக்காவின் பரப்போடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட கரோட்டினுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. பச்சையங்களுக்குள்ளும் இதே கதைதான்: ஏ-யில் மெத்தில் இருக்கும் இடத்தில் பி-யில் ஆல்டிஹைடு இருக்கிறது, அதனால் பி சற்றுக் கீழே நிற்கிறது.

அப்படியானால் இத்தகைய தொகுதிகளால் முனைவுத்தன்மை கூடிய மூலக்கூறு எப்போதும் பின்தங்கும் என்று விதி எழுதிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. 18 கார்பன் சங்கிலிகள் பூசிய சி-18 பத்தியில் லூட்டீன் முதலில் வெளியேறும், கரோட்டின் கடைசியில் வரும். மூலக்கூறுகள் மாறவில்லை, அவற்றைப் பிடித்துவைக்கும் பரப்புதான் மாறியது. ஆகவே புள்ளியின் உயரத்தை அளக்கும் முன், தகடு எது, கரைப்பான் எது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.