மிஸ்டு கால் மகானுபாவர்

யாருடைய கைப்பேசியாவது காணவில்லை என்ற செய்தி காதில் விழுந்த க்ஷணமே, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யாரும் எதையும் தொடாதீங்க" என்று உத்தரவிட்டவாறே சம்பவ ஸ்தலத்துக்கு வந்து சேருகிற ஒரு மகானுபாவர், நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் தவறாமல் இருக்கிறார். இழந்தவருக்கு அது சங்கடம். இவருக்கோ, பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு கிடைத்த உத்தியோகம்.

நாலைந்து பேர் ஏற்கெனவே அழைத்து அலுத்துவிட்டார்கள் என்று சொன்னாலும் கேளாமல், தாமும் ஒரு மிஸ்டு கால் கொடுத்து, நாதஸ்வரக்காரரைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, உத்தரத்தைப் பார்த்தவண்ணம் செவி சாய்ப்பார்.

"ரிங் போகுது. சைலன்ட்ல போட்டிருந்தீங்களா அண்ணே?"

"தாலி கட்டும்போது போட்டேன் தம்பி."

காரியம் சுலபத்தில் முடியாது என்று நிச்சயமானதும் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் தோன்றும். சைலன்டில் இருந்தாலும் 5 நிமிஷம் உரக்க அலறவைக்கும் வசதி கூகுளில் உண்டென்று அறிவித்து, பாஸ்வேர்டு தெரிந்த பேரனைத் தேடிப் பிடித்து, தம் கைப்பேசியிலேயே வரைபடத்தைத் திறப்பார். ஆனால் அண்ணன் சிக்கனக்காரர். வெளியே கிளம்பினால் டேட்டாவை அணைத்துவிடுகிறவர். ஆகவே அலறலும் இல்லை. வரைபடமோ, காலையில் அவர் புறப்பட்டு வந்த வீட்டையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கிடையே பந்தி பரிமாறும் பையன்மேல் அவர் பார்வை இரண்டு தரம் பாய்ந்து மீளும். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

அடுத்தபடியாக ஐ.எம்.இ.ஐ. பிரசங்கம். "15 நம்பர் அண்ணே. ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடிச்சா வந்துடும்."

"எதுல தம்பி அடிக்கிறது?"

சற்றே மௌனம். "வாங்கின பெட்டியிலயும் போட்டிருக்கும்" என்பார். அந்த அட்டைப் பெட்டியில் அண்ணி சேஃப்டி பின்னும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருப்பது பிறகு தெரியவரும். போலீஸ் புகாரின் நகலோடு அந்த எண்ணை, 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்துவிட்டால், எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் திருடனுக்கு அது உபயோகப்படாமல் செய்துவிடலாம் என்று அவர் விஸ்தாரமாக விளக்குவதில் அட்சரப் பிசகு கிடையாது. அதனாலேயோ என்னவோ, அந்தக் கட்டத்தில்தான் கூட்டம் ஐஸ்கிரீம் இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

அண்ணியோ ஒன்றும் பேசாமல் தாம்பூலப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தேங்காய்க்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், மகானுபாவர் ஒருவரைத் தவிர.

"எதுக்கும் ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்து வெச்சிடுங்க அண்ணே" என்பார்.