பிறந்த கப்பலின் பெருமை

க்ரூஸ் கப்பலில் முதல் தடவை ஏறுகிறவரைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்பார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக நிற்பார். ஒரு கம்பெனியின் கப்பலை விட்டு இன்னொரு கம்பெனியின் கப்பலுக்கு மாறி ஏறுகிறவருக்கும் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாது. இவர் சிரிக்க மாட்டார். “லிஃப்டக் கொண்டுபோய் அங்கன வச்சவன் எவம்டே?” என்று கேட்பார்.

இந்த இனத்தார் அமெரிக்காவின் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. மயாமியில் பார்த்தால் வெள்ளைக்காரராக இருப்பார், அறுபதைத் தாண்டியிருப்பார், பழைய கம்பெனியின் சின்னம் போட்ட தொப்பியோடு புதிய கம்பெனியின் வரிசையில் நிற்பார். நான் சொல்லப்போவது டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கிடைக்கும் தமிழ்ப் பதிப்பை. ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களோடு காலம் தள்ளி ஓய்வுபெற்ற பொறியாளர். பூர்வீகம் பாளையங்கோட்டைப் பக்கம். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. வீட்டம்மா எல்லோருக்கும் மதினி.

ஹூஸ்டன்காரர்களுக்குக் கால்வெஸ்டன் ஒரு மணி நேரக் கார் தூரம்தான். விமானம் வேண்டாம், பெட்டியின் எடை பார்க்க வேண்டாம். போகிற வழியில் பியர்லாந்து மீனாட்சி கோயிலில் ஒரு அர்ச்சனை, ராகுகாலம் கழிந்ததும் ஏறும்படி ஒரு நேரக் கணக்கு, கைப்பையில் சீல் பிரிக்காத பருப்புப் பொடிப் பாக்கெட். அவ்வளவுதான் ஏற்பாடு. இந்த வசதியால் அண்ணாச்சி வருஷத்துக்குப் பல தடவை கார்னிவல் கப்பலில் போய்வந்து, கடைசியில் ‘டைமண்ட்’ ஆகிவிட்டார்.

டைமண்ட் என்றால் சும்மா இல்லை. அப்போது கார்னிவலில் ஒரு இரவுக்கு ஒரு புள்ளி. 25 புள்ளிக்குத் தங்கம், 75-க்கு பிளாட்டினம், 200 சேர்ந்தால் வைரம். அதாவது இருநூறு ராத்திரி கடல்மேல் படுத்தவர்களுக்கே அந்த அட்டை. அதை வைத்திருப்பவர் கூட்டத்தில் இடிபடாமல் முதலில் ஏறலாம்; துணியைப் பையில் போட்டு வெளியே வைத்தால் காசில்லாமல் துவைத்து மடித்துத் தருவார்கள். அண்ணாச்சி ஹூஸ்டனிலிருந்தே அழுக்குத் துணி கொண்டுபோகிறார் என்று ஒரு வதந்தி இருந்தது. மதினி இன்றுவரை அதை மறுக்கவில்லை.

இப்படி இருக்கையில் 2025 ஜூனில் கார்னிவல் ஒரு அறிவிப்பு விட்டது. அடுத்த ஆண்டு ஜூனிலிருந்து இரவுக் கணக்கு போய்ச் செலவுக் கணக்கு வரும் என்றது. பழைய வைரங்களுக்குச் சில ஆண்டுகள் சலுகை உண்டு என்றும் சொன்னது. அண்ணாச்சி முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார். “இருநூறு நாள் அவன் கட்டில்ல படுத்திருக்கேன். இப்ப வந்து எவ்வளவு செலவழிச்சேன்னு கேக்கானே!” என்றார். அன்றிலிருந்து அவர் கார்னிவல் என்ற பெயரைச் சொல்வதில்லை. “அந்தக் கப்பல்” என்பார்.

கோபம் வந்தால் எங்கே போவது? முதலில் பிரின்சஸ் கப்பலைப் பார்த்தார். விசாரித்தால் அதன் முதலாளியும் அதே கார்னிவல் கார்ப்பரேஷன். ஹாலந்து அமெரிக்கா, 1873-ல் தொடங்கிய பழைய டச்சுக் கம்பெனி, கண்ணியமானது என்று கேள்விப்பட்டார். அதையும் 1989-லேயே கார்னிவல் வாங்கிவிட்டது. சரி, இங்கிலாந்துக்காரன் சுயமரியாதை உள்ளவன் என்று குனார்டைப் பார்த்தால், அதுவும் 1998 முதல் அதே கைக்குள். ராயல் கரீபியன் வேறு முதலாளிதான். கால்வெஸ்டனில் 2022-ல் சொந்தமாக ஒரு முனையமே கட்டியிருக்கிறான். ஆனால் அங்கே போனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வைரத்துக்கு அங்கே மரியாதை கிடையாது.

மிஞ்சியது எம்எஸ்சி. நம் நெடுஞ்சாலைகளில் லாரிமேல் போகும் கண்டெய்னர்களில் பெரிதாக எழுதியிருக்குமே, அதே எம்எஸ்சிதான். ஜெனீவாவில் தலைமையகம், இத்தாலியக் குடும்பம், உலகத்திலேயே பெரிய கண்டெய்னர் கம்பெனி. அவர்களுடைய ‘சீஸ்கேப்’ என்ற கப்பல் 2025 நவம்பரில் கால்வெஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. அதைவிட முக்கியம், மற்ற கம்பெனியின் அட்டையைக் காட்டினால் அதற்கு இணையான நிலையைத் தங்கள் சங்கத்திலும் தருகிறார்கள். அண்ணாச்சி இணையத்தில் அட்டையின் படத்தை அனுப்பினார். அந்தக் கப்பலில் கால் வைக்காமலேயே வைரமானார். “மனுசன மதிக்கத் தெரிஞ்சவனுவ” என்று ஹூஸ்டன் முழுக்கச் சொன்னார்.

அந்தப் பாராட்டு கப்பல் ஏறும் வரைக்கும் நீடித்தது. நானும் கூடவே ஏறினேன்.

புகுந்த வீட்டுக்கு வரும் பெண்ணிடம் உலகம் எதிர்பார்ப்பதெல்லாம், பிறந்த வீட்டுப் பெருமையை முதல் வாரமாவது அடக்கிவைக்க வேண்டும் என்பதுதான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணால் அது முடிகிறது. எழுபதை நெருங்கும் அண்ணாச்சியால் முடியவில்லை. கேபின் கதவைத் திறந்ததும் கட்டிலைப் பார்த்தார். “எங்க கப்பல்ல துண்டுலயே யானை செஞ்சு வச்சிருப்பான் தம்பி” என்றார். இங்கே துண்டு துண்டாகவே இருந்தது.

கவனியுங்கள், ‘அந்தக் கப்பல்’ இப்போது ‘எங்க கப்பல்’ ஆகிவிட்டது. கரையை விட்டு இன்னும் கயிறுகூட அவிழ்க்கவில்லை.

முதல் இரவுச் சாப்பாட்டில் பெரிய சோதனை. கார்னிவல் சாப்பாட்டுக்கூடத்தில் உருகும் சாக்லேட் கேக் என்று ஒன்று உண்டு. சூடான கிண்ணம்; மேலே பொருக்கு, உள்ளே குழம்பு. எத்தனை கேட்டாலும் தருவார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அண்ணாச்சி இங்கே அதைக் கேட்டார். பரிமாறியவர் இந்தோனேசியர், மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் திராமிசு கொண்டுவந்தார். அண்ணாச்சி ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். “கேக்கு நல்லாத்தாம்டே இருக்கு. ஆனா இது அது இல்லல்லா” என்றார். இரண்டாவது திராமிசுக்கும் இதே தீர்ப்பு. மூன்றாவதற்குப் பிறகு தீர்ப்பு எதுவும் வரவில்லை.

அந்தப் பழைய கப்பலில் பரிமாறுகிறவர்கள் நடுவில் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆடுவார்கள். சாப்பிடுகிறவர்களையும் எழுந்து ஆடச் சொல்வார்கள். அங்கே இருந்தவரை அண்ணாச்சி இதை எவ்வளவு திட்டியிருக்கிறார் தெரியுமா? “சோறு திங்க விடுதானா பாரு” என்பார். இங்கே மேசைக்கு மேசை அமைதி. மூன்றாம் நாள், சூப்புக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில், அவர் கால் மேசைக்கடியில் தானாகத் தாளம் போடுவதை மதினி பார்த்திருக்கிறார்.

சைவச் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. எழுதுகிற நானும் அதில் அவர் கட்சி. கார்னிவல் சாப்பாட்டுக்கூடத்தில் இந்தியச் சைவம் என்று பருப்பு, சோறு, அப்பளம், தயிர்ப்பச்சடி சேர்ந்த ஒரு தட்டு உண்டு. வெள்ளைக்காரர்கள்கூட அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். புதுக் கப்பலில் இதெல்லாம் எங்கே, யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதை ஒருவர் புதிதாகப் படிக்க வேண்டும். கப்பல் மாறுகிறவர்கள் எதையெல்லாமோ விசாரிக்கிறார்கள், எத்தனை நீச்சல்குளம், எத்தனை மாடி என்று. விசாரிக்க வேண்டியது இது. அண்ணாச்சி பஃபேயில் ஒரு கோவாக்காரச் சமையல்காரரைக் கண்டுபிடித்து, பெயர் கேட்டு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு, மறுநாளே பருப்புக்குத் தாளிப்பு வாங்கிவிட்டார். அந்தப் பருப்புப் பொடிப் பாக்கெட் பிரிக்கப்படாமல் ஹூஸ்டன் திரும்பியது.

பீட்சாவைப் பற்றி அவர் பேசவில்லை. எம்எஸ்சி கப்பல்களில் மொசரெல்லா பாலாடைக்கட்டியைக் கப்பலிலேயே செய்கிறார்கள். அண்ணாச்சி பீட்சா அடுப்புப் பக்கம் தினமும் இரண்டு தடவை காணப்பட்டார். ஏன் என்று கேட்டதற்கு, நடைப்பயிற்சி என்றார்.

இரண்டாம் நாள் லிஃப்டில் வேறொரு வழக்கு. பதினாறை அமுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அடுத்த பொத்தான் பதினெட்டு. பதினேழு எங்கே? இத்தாலியர்களுக்கு 17 ஆகாத எண். ஆகையால் தளமே கிடையாது. “எங்க கப்பல்ல பதினேழு இருக்கும்” என்றார் அண்ணாச்சி. உண்மைதான், ஆனால் அந்தக் கப்பலில் பதின்மூன்று இருக்காது, அது அமெரிக்கர்களுக்கு ஆகாது. இதை நான் சொன்னதும் அவர் ஜெனீவாக்காரரின் மூடநம்பிக்கையை நினைத்து வெகுநேரம் சிரித்தார். ராகுகாலம் பார்த்து ஏறியதை நான் நினைவுபடுத்தவில்லை. பயணம் இன்னும் ஐந்து நாள் இருந்தது.

கடலில் அறிவிப்பு வேறு. ஐரோப்பாவில் ஓடும்போது இந்தக் கம்பெனிக் கப்பல்கள் ஒரே செய்தியை இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஆங்கிலம் என்று வரிசையாகச் சொல்லும். அதற்குள் செய்தி பழசாகிவிடும். அமெரிக்காவில் மொழிகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சிக்கு அதுவும் குறைதான். “எங்க கப்பல்ல ஒருத்தன் காலையில மைக்கப் பிடிச்சாம்னா கேபின் குலுங்கும். அது உற்சாகம்லா” என்றார்.

இவரைப் போலவே மாறுகிறவர்கள் வேறு திசையிலும் உண்டு. குனார்டின் குயீன் மேரி 2 கப்பலுக்குப் போனவர், எடுத்த கேபினுக்கு ஏற்பச் சாப்பாட்டுக்கூடமே வேறுபடும் என்று தெரிந்து, கோட்டு தைத்த காசை நினைத்துப் பெருமூச்சு விடுவார். டிஸ்னிக்குப் போனவர் சூதாட்டக்கூடத்தைத் தேடிக் களைப்பார். அங்கே அது இல்லவே இல்லை. விர்ஜினில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று மகிழ்ந்து ஏறியவர், பஃபேயும் இல்லை என்று அறிந்து குழந்தையாவார். நார்வீஜியன் 2000-லேயே சாப்பாட்டுக்குக் குறித்த நேரம், குறித்த மேசை இரண்டையும் எடுத்துவிட்டது. வருஷக்கணக்காக ஒரே மேசையில் ஒரே முகங்களைப் பார்த்துச் சலித்தவர் அங்கே போய், அந்த முகங்களுக்காக ஏங்குவார்.

இப்போது துறைமுகங்கள். கார்னிவலின் ஜூபிலி கப்பல், முகப்பில் டெக்சாஸ் நட்சத்திரத்தைச் சூடிக்கொண்டு கால்வெஸ்டனிலிருந்து புறப்பட்டால், கோஸ்டா மாயா, ரோவாட்டான் தீவு, கோசுமெல் என்று சுற்றிவிட்டு ஏழாம் நாள் திரும்பும். சீஸ்கேப் புறப்பட்டால்? அதே மூன்று ஊர். அண்ணாச்சி கோசுமெலில் இறங்கி, வழக்கமான கடையில் வழக்கமான வெண்ணிலா எசென்ஸ் வாங்கினார். கடைக்காரர் அடையாளம் கண்டு, “அமிகோ!” என்றார். வாரம் முழுக்க அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் நிஜமான அடி விழுந்தது கடைசிக்கு முந்தைய நாள், வைரங்களுக்கு என்று தனியாக நடந்த விருந்தில். சட்டையை இஸ்திரி போட்டு, அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுப் போனார். பக்கத்தில் ஒரு இளைஞன்; முப்பத்தைந்து வயது இருக்கும். எத்தனை இரவு கடலில் கழித்திருக்கிறாய் என்று அண்ணாச்சி தகப்பனைப் போல விசாரித்தார். இதுதான் முதல் பயணம் என்றான் அவன். ஆபீஸ் வேலையாக ஊர் ஊராகப் போய் ஓட்டல்களில் தங்கியதில் ஒரு அட்டை சேர்ந்ததாம். அதைக் காட்டி இதை வாங்கிவிட்டானாம்.

அண்ணாச்சி கேபினுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்தார். “கம்பெனி காசுல ஓட்டல்ல குறட்ட விட்டவனும் வைரம், புயல்ல வாந்தி எடுத்து வந்தவனும் வைரமா?” என்றார். மதினி ரப்பர் வாத்துகளைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே (கப்பல் முழுக்க வாத்துகளை ஒளித்துவைத்து மற்றவர்கள் கண்டெடுப்பது அமெரிக்கப் பயணிகளின் ஒரு விளையாட்டு, 2018-ல் கார்னிவல் கப்பல் ஒன்றில் பிறந்தது), “நீங்களும் அட்டையக் காட்டித்தான வாங்குனீய?” என்று கேட்டார். கேட்டுவிட்டு வாத்து ஒளிக்கப் போய்விட்டார். இந்த உலகத்தில் கப்பல் மாறினாலும் மாறாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அதே பை, அதே வாத்து, அதே நீலக் கரைச் சேலை.

இறங்குகிற நாள் அண்ணாச்சி கணக்குப் பார்த்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு 16, 17 டாலர் வாக்கில் ஊழியர் படி என்று இங்கேயும் அங்கேயும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள். துறைமுகம் அதே. கடல் அதே. கார் நிறுத்தக் காசுகூட அதே. “அப்ப நான் எதுக்குடே மாறுனேன்?” என்று என்னைக் கேட்டார். பதில் அவருக்கே தெரியும் என்பதால் நான் பெட்டியை இழுத்தேன்.

பிறகு ஹூஸ்டனில் விசாரித்தேன். கார்னிவலில் மார்ச் மாதத்துக்குப் பதிவு செய்துவிட்டாராம். பழைய வைரத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயுள் இருப்பதை மதினி பாதி அறிவிப்போடு நிறுத்தாமல் முழுக்கப் படித்துச் சொன்னாராம். அதனால் மார்ச்சில் கால்வெஸ்டனில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மேசைக்கு எதிரே கழுத்தில் அட்டை தொங்கும் தமிழர் ஒருவர் உட்கார்ந்து, “எங்க கப்பல்ல பீட்சான்னா…” என்று தொடங்கினால், எந்தக் கப்பல் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். உருகும் கேக் ஆறிவிடும்.